குப்பைத்தொட்டியில் வளர்ந்த சோளம்

எங்கள் ஆய்வு நிலையத்தில் வறட்சியைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கூட்ட அறையின் சுவரில் வெடித்துக் கிடக்கும் நிலத்தின் படம் ஒன்று பெரிதாக மாட்டியிருக்கும். அதன் கீழே ஏ.சி.யைக் கூட்டி வைத்துக்கொண்டு, சால்வை போர்த்திய தோள்களோடு உட்கார்ந்து, பயிர்கள் வெயிலை எப்படித் தாங்குகின்றன என்று விவாதிப்பார்கள். தொண்டை காய்ந்தால் கையெட்டும் தூரத்தில் பாட்டில். பாதி குடித்த பாட்டில்களை மூடிகூடப் போடாமல் விட்டுவிட்டு எழுந்து போவார்கள். அவற்றைப் பொறுக்குவது என் வேலை இல்லை. ஆனாலும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

நான் அங்கே ஒப்பந்த ஆய்வு உதவியாளர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். வறட்சி வந்தால் பயிர் என்ன செய்கிறது என்பதுதான் என் படிப்பு. இதை முதன்முதலில் வீட்டில் சொன்னபோது அண்ணன் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "காயும். இதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை வருஷமா?"

காய்வதற்கு முன்னால் செடி என்னென்ன பாடு படுகிறது என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன். மண் காய்வது முதலில் வேர் நுனிக்குத்தான் தெரியும். வேர் இலைக்குச் சேதி அனுப்பும். இலை தன் தோலில் இருக்கிற நுண்ணிய துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் தண்ணீர் மிச்சமாகும், ஆனால் காற்றும் உள்ளே வராது. காற்று வராவிட்டால் செடியின் அடுப்பு எரியாது, பட்டினி. திறந்தால் தாகம், மூடினால் பசி. நல்ல செடி இரண்டுக்கும் நடுவே காலையில் கொஞ்சம் திறந்து, உச்சி வெயிலில் மூடி, இலையைச் சுருட்டி வெயிலுக்கு முகம் காட்டாமல் நின்று, அதற்குள் வேரைக் கீழே கீழே இறக்கிச் சமாளிக்கும். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, கடைசியில காயும்ல?" என்றான். அவன் அப்படித்தான்.

போன பருவம் அவனுக்கு அப்படித்தான் காய்ந்தது. வானத்தை நம்பிய நிலம், கிணறு கிடையாது. இந்தப் பருவமும் போனால் நிலத்தைப் போட்டுவிட்டு நகரத்தில் ஏதாவது ஒரு கட்டடத்து வாசலில் காவலுக்கு நிற்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணன் சொன்னால் செய்கிற ஆள். நாற்காலியில் சும்மா உட்காரத் தெரியாத ஒருவன் வாசல் நாற்காலியில் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் இயக்குநரின் ஏழாம் எண் சோளம் ஊரெல்லாம் பேசப்பட்டது.

ஏழாம் எண் குட்டையான, சிறிய இலைகள் கொண்ட, பார்க்க லட்சணமான செடி. கண்ணாடிக்கூடத்தில் பல ரகங்களை ஒரே அளவுத் தொட்டிகளில் வளர்த்து, ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் தண்ணீரை நிறுத்துவார்கள். சில நாட்களில் மற்றதெல்லாம் சுருண்டு தொங்கும். ஏழு மட்டும் நேற்று பிறந்த மாதிரி பச்சையாக நிற்கும். இயக்குநர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார். இடது பக்கமாகத் திரும்பினால் தொப்பை தெரியாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லாப் படத்திலும் இடது பக்கம்தான். படம் எடுத்த மறுநாள் தொட்டிகளைக் காலி செய்துவிடுவார்கள். அடுத்த பார்வையாளர்களுக்கு அடுத்த வரிசை வைக்க வேண்டுமே. ஏழு கதிர் விட்டதா, கதிரில் மணி பிடித்ததா, யாரும் பார்த்ததில்லை. சோளம் மனிதர்கள் சாப்பிடுவதற்கு என்பதே அந்தக் கட்டடத்தில் பலருக்கு மறந்துபோயிருந்தது.

இயக்குநருக்கு அடுத்த இடத்தில் இருப்பவரை நாங்கள் 'ஆமா சார்' என்று கூப்பிடுவோம், அவர் காதில் விழாமல். நிலையத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. அதற்குக் காவல் அவர். பார்வையாளர் வருகிற நாளில் வளாகத்தில் ஒரு புல்கூட வாடியிருக்கக் கூடாது. கண்ணாடிக்கூடத்துக்குள் ஏழைத் தவிர மற்றது வாடலாம், வாடினால்தான் நல்லது. ஆனால் வெளியே எதுவும் வாடக் கூடாது. பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் ஆமா சார் விடிந்ததும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வறட்சி ஆய்வு நிலையத்தின் இரண்டாவது பெரிய மூளை, வாசல் குரோட்டன்ஸைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் கண்ணாடிக்கூடத்தில் தனியாக இருந்தேன். சும்மா ஏழாம் எண் தொட்டிக்குள் விரலை விட்டேன். மண் ஈரமாக இருந்தது. பக்கத்துத் தொட்டியில் விட்டேன். நகத்தில் புழுதி ஏறியது. வரிசை முழுக்க விரலை விட்டுப் பார்த்தேன். வாடியதெல்லாம் காய்ந்த மண். ஏழு நின்ற மண் எல்லாம் குளுகுளுவென்று இருந்தது.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பெரிய செடி பெரிதாகக் குடிக்கிறது, அதன் தொட்டி சீக்கிரம் காய்கிறது. குட்டைச் செடி சிட்டிகை சிட்டிகையாகக் குடிக்கிறது, அதன் தொட்டியில் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. ஏழு வறட்சியைத் தாங்கவே இல்லை. அதற்கு வறட்சி வரவே இல்லை. தினமும் பின்வாசல் வழியாகச் சாப்பாடு வாங்கித் தின்றுவிட்டு, உண்ணாவிரதப் பந்தலில் தெம்பாக உட்கார்ந்திருப்பவன் மாதிரி அது நின்றுகொண்டிருந்தது. அதுவும் துளைகளை எப்போது பார்த்தாலும் அரைக்கண்ணாக மூடி வைத்திருக்கிற ரகம். உழைப்பும் கிடையாது, வேரும் கிடையாது. வயலில் அது மிச்சம் பிடிக்கிற ஈரத்தை வெயில் குடிக்கும், இல்லாவிட்டால் களை குடிக்கும்.

வாராந்திரக் கூட்டத்தில் சொன்னேன். தொட்டிகளைத் தினமும் எடை போட வேண்டும், எல்லா மண்ணும் ஒரே அளவு காய்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், கதிர் முற்றும்வரை விட்டு மணியை நிறுக்க வேண்டும் என்றேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யாரையாவது கேலி செய்வதற்கு முன் கண்ணாடியைத் துடைப்பார்.

"செடியை நிறுத்துப் பார்க்க இது என்ன காய்கறிக் கடையாம்மா?"

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். ஆமா சார் கடைசியாகச் சிரித்து முடித்தார். நான் மண்ணில் விரலை விட்டுப் பார்த்ததைச் சொன்னேன். விரல் ஓர் அளவுகோல் இல்லை என்று இயக்குநர் எனக்குப் பாடம் எடுத்தார். அதுவும் சரிதான். அளவுகோலும் அவர்களிடம் இருந்தது, அலமாரியில், உறை பிரிக்காமல்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஏழாம் எண் விதையை இலவசமாகக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டான். நிலம் முழுக்க அதையே விதைக்கப் போகிறானாம். வேண்டாம் என்றேன். ஏன் என்றான். சொன்னேன். துளை, வேர், ஈரமண் எல்லாம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"உன் ஆபீஸே நல்லதுங்குது. நீ ஒருத்தி வேண்டாங்கற. அத்தனை பெரிய ஆளுங்க முட்டாளா?"

"ஆமா," என்றேன்.

"உனக்கு யாரைத்தான் பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனான். அங்கிருந்தே, பழைய விதை ஒரு மூட்டை மூலையில் எலிக்கு வீடாகக் கிடக்கிறது, அதைக் கோழிக்குப் போட்டுவிடு என்று அண்ணிக்கு உத்தரவு போட்டான். அந்தப் பழைய ரகத்தை எங்கள் வீட்டில் நெட்டை என்போம். மழை தவறினால் இலையைச் சுருட்டிக்கொண்டு எலும்பும் தோலுமாக நிற்கும், பார்க்கச் சகிக்காது. போன பருவம் மழையே எட்டிப் பார்க்காததால் அதுவும் போனது. ஆனால் அதற்கு முன்னால் எத்தனையோ முறை, போச்சு என்று நினைத்த பிறகு ஒரு மழைக்கு எழுந்து நின்று சாப்பாடு போட்டிருக்கிறது. அண்ணனுக்கு ஒரு தோல்விதான் ஞாபகம் இருந்தது. நான் கிளம்பும்போது அந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் உயரமான குப்பைத்தொட்டி ஒன்று கிடந்தது. சக்கரம் வைத்தது, மூடி உடைந்தது. அதைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, வாய்வரை மண் நிரப்பினேன். ஒரு பக்கம் ஏழு, ஒரு பக்கம் நெட்டை. ஒரே மண், ஒரே தண்ணீர். தனித்தனித் தொட்டியில் நடக்கிற ஏமாற்று இதில் நடக்காது. மண் காய்ந்தால் இரண்டுக்கும் சேர்ந்துதான் காயும். கீழே கொஞ்சம் ஈரம் இருந்தால், வேர் உள்ளது போய் எடுத்துக்கொள்ளும். இதைத்தான் அத்தனை கண்ணாடியும் மின்விசிறியும் வைத்துக்கொண்டு அவர்கள் செய்திருக்க வேண்டும். நான் குப்பைத்தொட்டியில் செய்தேன். நெட்டை இடுப்பு உயரம் வளர்ந்ததும் தண்ணீரை நிறுத்தினேன்.

விதையை வெளியிடலாமா என்று முடிவு செய்கிற குழு வந்தது. குழுத் தலைவி நல்ல பெயர் எடுத்தவர், நேர்மையானவர் என்றார்கள். எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது, மறைக்க மாட்டேன். கண்ணாடிக்கூடத்தில் இயக்குநர் தன் உரையை முடித்து இடது பக்கம் திரும்பி நின்றபோது, நான் முன்னால் போனேன்.

"மேடம், ஒரே ஒரு தடவை அந்தத் தொட்டிக்குள்ள விரலை விட்டுப் பாருங்க."

அங்கே இருந்தவர்கள் எல்லாம் நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியது போலப் பார்த்தார்கள். அந்த அம்மா பார்த்தார், யோசித்தார், மோதிரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துவிட்டு விரலை விட்டார். அவர் முகம் மாறியது.

"ஈரமா இருக்கே?"

அந்த ஒரு கணம் நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லை.

"அதேதான் மேடம். ஏழாம் எண் மண்ணோட ஈரத்தைக் காப்பாத்துது. அதைத்தான் கடைசியில சொல்லலாம்னு வச்சிருந்தேன்."

முதலில் கைதட்டியது ஆமா சார். அப்புறம் எல்லோரும். ஒரு செடி தண்ணீர் குடிக்காமல் விட்டால் தண்ணீர் மிச்சம் இருக்கும் என்பதை, சம்பளம் வாங்குகிற இத்தனை பேர் ஒரே அறையில் நின்று கைதட்டிப் பாராட்டியதை என் கண்ணால் பார்த்தேன். பூட்டிய அடுப்படியைப் பார்த்து அரிசி செலவே இல்லை என்று மெச்சுகிற கூட்டம்.

நான் விடவில்லை. வெளியே ஒரு தொட்டி இருக்கிறது, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால்தான், ஒரே மண்ணில் இரண்டு ரகமும் நிற்கிறது, ஒரு எட்டு வந்து பாருங்கள் என்று தலைவியிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே வாசல்வரை வந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்து வெளியே பார்த்தார்.

"வெயில் ரொம்ப இருக்கேம்மா," என்றார்.

வறட்சிக் குழுத் தலைவி வெயில் ரொம்ப இருக்கிறது என்று திரும்பிப் போனார். போகிறபோது என் தோளைத் தட்டி, உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்றார். ஏழாம் எண்ணுக்கு அன்றைக்கே சாப்பாட்டுக்கு முன்னால் ஒப்புதல் கிடைத்தது. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் எண்ணம் இல்லை என்று ஆமா சார் சாப்பாட்டுக்குப் பின்னால் சொன்னார். கூடவே குப்பைத்தொட்டியில் குப்பையைத்தான் போட வேண்டும் என்று அறிவுரையும் சொன்னார். மாதக் கடைசிவரை நேரம் இருந்தது. விதை கொடுக்கிற நாளும் அதற்குள்தான் வந்தது.

அன்று காலை வளாகம் ஜொலித்தது. புல்வெளி முழுக்க நனைந்திருந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்து கேட்டைத் தாண்டி விவசாயிகள் வரிசையில் நின்றார்கள். வரிசை நகரவே இல்லை, ஏனென்றால் உள்ளே இயக்குநர் மைக்கில் பேசி முடித்த பிறகுதான் விதை. அண்ணன் வெறும் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றான். என்னைப் பார்த்ததும் பெருமையாகப் பக்கத்தில் நின்றவரிடம், நம்ம தங்கச்சிதான், இங்கதான் வேலை என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேராகப் பின்னால் போய்க் குப்பைத்தொட்டியைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு சக்கரம் கீச்சிட்டது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. படிக்கட்டுக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்தினேன். இந்தப் பக்கம் உங்களுக்குக் கொடுக்கப் போகிற ஏழாம் எண், அந்தப் பக்கம் பழைய நெட்டை, இரண்டும் ஒரே மண்ணில் ஒரே நாளில் விதைத்தது, நல்லா பாத்துக்குங்க என்று சத்தமாகச் சொன்னேன்.

பார்த்தார்கள். அப்போதுதான் நானும் அவர்கள் கண்ணால் பார்த்தேன். ஏழு சாம்பல் பூத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நெட்டை இலைகளைப் பென்சில் மாதிரி சுருட்டிக்கொண்டு விறைத்து நின்றது. எனக்கு ஒன்று செத்தது, ஒன்று காத்திருக்கிறது. அவர்களுக்கு இரண்டும் ஒரு கட்டுக் காய்ந்த சோளத்தட்டை.

அண்ணன் வரிசையில் இடத்தை விடாமல் ஒரு காலை மட்டும் முன்னால் வைத்து எட்டிப் பார்த்தான்.

"ரெண்டும் செத்துதான் கெடக்கு. இதைக் காட்டவா இழுத்துட்டு வந்தே?"

வரிசையில் சிரிப்பு. பக்கத்தில் நின்றவர், படிச்ச புள்ளைங்களே இப்படித்தான் என்று ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. எட்டி உதைக்கத்தான் தோன்றியது, தொட்டியை அல்ல.

சிரிப்புச் சத்தம் கேட்டு ஆமா சார் வெளியே ஓடி வந்தார். தொட்டியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், உள்ளே மைக் சத்தம் இன்னும் முடியவில்லை என்று காதைத் தீட்டி உறுதி செய்துகொண்டார். விருந்தினர்கள் வெளியே வருகிற வழியில் வாடிய செடி. தள்ளிக்கொண்டு போகலாம் என்று தொட்டியைப் பிடித்தார். சக்கரம் படிக்கட்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டு நகரவில்லை. என்னைத் தள்ளச் சொன்னார். கை வலிக்கிறது சார் என்றேன்.

அப்போது அந்த மனிதர், இத்தனை வருடம் இந்த நிலையத்தில் இருந்து கற்றுக்கொண்ட ஒரே வேலையைச் செய்தார். பூவாளியைத் தூக்கி வந்து தொட்டியில் தண்ணீர் ஊற்றினார். ஒன்று ஊற்றிவிட்டு ஓடிப்போய் இன்னொன்று கொண்டு வந்தார். வெயிலில் நிற்கிற வரிசைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அந்த நிலையத்தில் ஆள் இல்லை. குப்பைத்தொட்டிக்கு வாளி வாளியாக வந்தது.

நான் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே இயக்குநர் பேசிக்கொண்டே இருந்தார். தன் இளமைக்காலம், உலக வெப்பம், மறுபடி தன் இளமைக்காலம். அவர் நீட்டி முழக்கியதற்காக வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் நான் சந்தோஷப்பட்டேன். வரிசைக்கு வேறு வேடிக்கை இல்லை, தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் கவனித்தது முன்னால் நின்ற ஓர் அம்மா. "அந்தப் பக்கத்து இலை அசையற மாதிரி இல்ல?" என்றார். காற்று என்றார் ஒருவர். காற்று இல்லை. நெட்டையின் மேல் இலை ஒன்று விளிம்பிலிருந்து மெதுவாகப் பிரிந்துகொண்டிருந்தது. அப்புறம் அதற்குக் கீழே ஒன்று. சுருட்டிய பாயை யாரோ பொறுமையாக விரிப்பது போல, இயக்குநர் தன் இரண்டாவது இளமைக்காலத்தை முடிப்பதற்குள், நெட்டை தன் இலைகளை அகலமாக விரித்து நின்றது.

ஏழு தொங்கியது தொங்கியபடியே இருந்தது. ஆமா சார் அதன் தலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் இலையில் வழிந்து அவர் செருப்பில் விழுந்தது.

அண்ணன் வரிசையை விட்டு வெளியே வந்தான். யாரையும் கேட்காமல் ஏழில் ஒன்றைப் பிடித்து இழுத்தான். சுலபமாகக் கையோடு வந்தது. வேர் ஒரு பிடிகூட இல்லை. நெட்டையைப் பிடித்து இழுத்தான்; தொட்டிதான் ஆடியது. இரண்டாவது தடவை இழுக்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஆமா சாரைப் பார்த்தான்.

"போதும் சார், விடுங்க. அது குடிக்கற நிலமையில இல்ல."

வரிசையிலிருந்து சிலர் தொட்டியைச் சுற்றி வந்தார்கள். சிலர் சாக்கை உதறி மடித்தார்கள். நிறைய பேர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். இலவசம் இலவசம்தானே, இத்தனை நேரம் நின்றாகிவிட்டதே என்று. அவர்கள் மேலும் எனக்கு இரக்கம் வரவில்லை. கண் முன்னால் நடந்ததைப் பார்த்துவிட்டு மைக்கை நம்புகிறவனுக்கு நான் என்ன செய்ய முடியும்?

அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றான். மன்னிப்புக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

"இதை முன்னாடியே காட்டறதுக்கு என்ன? எப்பப் பாரு வாயிலயே பேசிக்கிட்டு."

"காட்டினப்ப நீதானே ரெண்டும் செத்துடுச்சுன்ன?"

வானத்தைப் பார்த்தான். எனக்கு அப்போதுதான் வீட்டு மூலையில் கிடந்த மூட்டை ஞாபகம் வந்தது.

"நெட்டை விதை? கோழிக்குப் போடச் சொன்னியே?"

"சொன்னேன்."

"அண்ணி போட்டுட்டாங்களா?"

அண்ணன் சாக்கை மறுபடி அக்குளில் செருகிக்கொண்டான்.

"நான் சொல்லி அவ என்னிக்கு எதைக் கேட்டிருக்கா?" என்றான். பிறகு கேட்டைப் பார்த்து நடந்தான்.

உள்ளே கைதட்டல் கேட்டது. ஆமா சார் பூவாளியைக் கீழே போட்டுவிட்டு, தானும் தட்டுவதற்காக உள்ளே ஓடினார்.